புளிய விறகில் வெந்த கேக்

செப்டம்பர் 1987, சனிக்கிழமை

நாளை செல்விக்குப் பதினேழு வயது. விழுப்புரம் ஹாஸ்டலில் இருக்கிற என் மகளுக்குக் கோகோ கேக் என்றால் உயிர். காலையில் அவள் அப்பா ஒரு கட்டுப் புளிய விறகைக் கொண்டுவந்து போட்டார். ஏது என்று நான் கேட்கவில்லை. குண்டானில் மணலைக் காயவைத்து, கேக் தட்டை உள்ளே இறக்கி, மூடிமேல் தணல் போட்டேன். பச்சை விறகு. ஊதி ஊதிக் கண் எரிந்தது. வெண்ணெயைக் கணக்குப் பார்க்காமல் போட்டிருந்தேன், நன்றாகவே வந்தது.

தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்தால் செல்வி அங்கே பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்வாள். மாலையில் டப்பாவோடு போனால் ஒரு பஸ்கூட இல்லை. இடஒதுக்கீடு கேட்டு மறியலாம், உளுந்தூர்பேட்டை ரோடெல்லாம் மரத்தை வெட்டிச் சாய்த்திருக்கிறார்களாம். வீட்டுக்கு வந்து செல்வி அப்பாவிடம் சொன்னேன்.

"நாங்கதான் வெட்னோம் புள்ள. நாளைக்கு நம்ம பொண்ணுக்கு காலேஜ்ல சீட்டு கெடைக்கணும் இல்ல?"

"அப்ப இந்த வெறகு?"

"அந்த மரத்துதுதான்."

"அவ பஸ்ஸ பாத்துக்கினு நிப்பாளேங்க."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

எறும்பு ஏறாமல் டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைத்திருக்கிறேன். விறகு பாதி மிச்சம் இருக்கிறது. நாளைக்குச் சோறும் அதில்தான் பொங்க வேண்டும்.