பட்டறை ஜன்னலைத் திறந்துவிட்டேன்

அன்பான கோதை அப்பாவுக்கு,

நீங்கள் இருந்தபோது ஒரு கடிதமும் எழுதியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் ராஜபாளையம் பட்டறையில் உங்களைப் பார்த்துவிடலாம், கடிதம் எதற்கு? இப்போது பஸ் போகாத ஊருக்குப் போய்விட்டீர்கள்.

உங்கள் இடத்தில் உங்கள் தம்பி கணேசன் உட்கார்ந்து நகை பற்றவைக்கிறார். போன மாதம் வரை அதே ஊதுகுழல், ஒட்டு லேசில் உருகக் காட்மியம் என்ற உலோகம் கலந்த அதே பொடி. தீ ஆடக்கூடாது, தங்கத்தூள் பறக்கக்கூடாது என்று அதே மூடின ஜன்னல். சாயங்காலமானால் ஒரு டம்ளர் பால். பால் குடித்தால் உள்ளே போன புகை கழுவிக்கொண்டு போய்விடும் என்று நீங்களும் நம்பினீர்கள், தெருவிலுள்ள பட்டறைக்காரர்கள் எல்லாருமே நம்பினார்கள்.

பால் வயிற்றுக்குத்தானே போகிறது? புகை போனது நெஞ்சுக்குள். அதிலிருந்த காட்மியம் அங்கிருந்து ரத்தத்தில் கலந்து ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கிவிட்டது. மதுரை டாக்டர் சொன்னதோடு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பல வருஷம் ஆனாலும் உடம்பை விட்டு அது லேசில் போவதில்லையாம். வீட்டுக்கணக்கு எழுதுகிறவளுக்கு உடனே விளங்கியது: தினமும் வரவு, செலவு என்பதே இல்லை. சேர்ந்து சேர்ந்து ஒரு நாள், காப்பாற்ற வேண்டிய சத்தையெல்லாம் சிறுநீரகம் ஒழுகவிடுகிறது. புரதம் போகிறது. சுண்ணாம்புச்சத்து போகிறது. எலும்பு இளைத்துவிடுகிறது.

ஆடிப்பூரத் தேரன்று வடத்தை ஒரு இழு இழுத்ததும் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களே! விலா எலும்பு விரிசல் விட்டிருந்தது. "ஆண்டாளுக்கு இழுத்து வந்த வலி, அவளே பாத்துக்கிடுவா" என்று சிரித்தீர்கள். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நாம்தான் பார்க்கவில்லையோ?

போன மாதம் கணேசன் மனைவி செண்பகம் பூ கட்டிக்கொண்டே மெல்லச் சொன்னாள்: "அக்கா, அவிய ஒண்ணுக்குப் போனா சோப்புத்தண்ணி மாதிரி நுரை நிக்கி. அத்தானுக்கும் இப்படித்தான இருந்துச்சு?"

மறுநாளே பட்டறைக்குப் போனேன். முதல் வேலையாக ஜன்னலைத் திறந்தேன்.

"மதினி, மூடுங்க. தூள் பறக்கும்."

"பறக்கட்டும் தம்பி."

"செண்பகம் ஓதிவிட்டாளாக்கும்? வேணும்னா இன்னும் ஒரு டம்ளர் பால் சேத்துக் குடிக்கேன்."

"உங்க அண்ணன் குடிச்ச பாலுக்கு ஒரு பண்ணையே வச்சிருக்கலாம். அவிய இருக்காவளா?"

சிரிக்கப்போனவர் சிரிக்கவில்லை. ஊதுகுழலை வைத்துவிட்டு என்னோடு எழுந்து வந்தார்.

மதுரையில் செய்த சோதனையில் காட்மியமும் தெரிந்தது, புரதம் ஒழுகுவதும் தெரிந்தது. உள்ளே சேர்ந்ததைத் துடைத்தெடுக்க மருந்தில்லை, இனிமேல் சேராமல் பார்த்துக்கொண்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். பீடியையும் விடச் சொன்னார், அந்தப் புகையிலும் அது உண்டாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கணேசன் ஒன்றே ஒன்று கேட்டார். "அண்ணனுக்கும் இந்த நிலையிலேயே தெரிஞ்சிருந்தா இருந்திருப்பாவளா மதினி?" அதையே உங்களிடம் கேட்கிறேன். உங்களுக்குத் தெரியுமா?

இப்போது காட்மியம் இல்லாத பொடிதான். அது லேசில் உருகுவதில்லை. ஒரு வளையலின் ஒட்டு கருகிப்போன எரிச்சலில் பழைய டப்பாவைத் தேடியிருக்கிறார். "வாங்குன கடையிலயே குடுத்துட்டேன், தேடாதிய" என்றாளாம் செண்பகம். உங்கள் தம்பிக்கு வாய்த்தவள் கெட்டிக்காரி.

நம் கோதைக்குத் தை மாதம் கல்யாணம். நீங்கள் செய்ய ஆசைப்பட்ட தாலியைக் கணேசன்தான் செய்யப்போகிறார். தாலி பற்றவைக்கும் இடத்தில் நான் நிற்கலாமா என்று ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்தார்கள். கணேசனே சொல்லிவிட்டார்: "மதினி நிக்கணும். அவிய இல்லன்னா என் கை தன்னால ஜன்னலைச் சாத்திரும்."

நிற்பேன். காற்றில் தீ ஆடினால் ஒரு தகரத்தைப் பிடித்து மறைத்துக்கொண்டு நிற்பேன். ஜன்னலை மட்டும் சாத்த விடமாட்டேன். ஆண்டாள் மேல் சத்தியம்.

உங்கள் மகளுக்கு அம்மாவாகவும், உங்கள் தம்பிக்கு மதினியாகவும் இங்கே இருக்கும்,
உங்கள் மனைவி