தேநீர்க் கெண்டிக்கு அடியில் இருந்த தகடு

ஓல்டம்,
மார்ச் 9

ஸ்காட்டுக்கு,

மெல்போர்ன் வெயில் உனக்கு ஒத்துக்கொண்டது என்று உன் தங்கை ஜெம்மா காட்டிய படத்தில் பார்த்தேன். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி, ஜெம்மாவுக்கு இரண்டாவது பெண் பிறந்து மூன்று வாரம், மழை விட்டபாடில்லை. நலம் விசாரிப்பு இவ்வளவு போதும், இனி எழுதப்போவது வேறு.

நெவிலை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். இருபத்தாறு வருஷமாக, பிளாஸ்டிக் வார்க்கும் என் அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் கலவை போடுகிறவர், நீ படிக்கும்போது சூட்டைக் கடத்தும் உன் கிராஃபீன் கரித்தூளைச் சனிக்கிழமைதோறும் சும்மாவே நைலானில் கலந்து தந்தவர். உன் செய்முறைப்படி நாங்கள் செய்த பேட்டரிப் பெட்டிகள் சூட்டை வெளியே விடாமல் கோணிப்போய்விட்டன. கம்பெனியில் கேட்டதற்கு நீ ஒரே வரியில், கலவை சரியில்லை, கலந்தவரைக் கேளுங்கள் என்று எழுதினாயாம். வெட்கமாக இல்லையாடா உனக்கு? அந்த மனுஷனின் மனைவி கடையில் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போகிறாள்.

உன் தகடுகளை அழுத்தியவள் நான். அச்சுக்குள் நைலான் ஓடும் பக்கமே கிராஃபீன் செதில்களும் படுத்துக்கொள்ளும், சூடு நீளவாக்கில் ஓடுமே தவிரத் தடிமனைத் தாண்டி வெளியே வராது. அதற்காகத்தானே ஒவ்வொரு தகட்டிலும் மஞ்சள் பென்சிலால் அம்பு போட்டுத் தந்தேன். நீ அம்பின் வழியே மட்டும் அளந்த எண்ணைக் காட்டி, சூட்டைப் பத்து மடங்கு கடத்துகிறது என்று எழுதிப் பட்டம் வாங்கினாய். தடிமனுக்குக் குறுக்கேயும் அளந்தாயா தம்பி என்று நெவில் அன்றைக்கே கேட்டார். "நீங்க மாவு பிசையற வேலையைப் பாருங்க நெவில்" என்று சிரித்தாய். பெற்ற பிள்ளையாயிற்றே என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

பட்டம் வாங்கிய அன்று எனக்கு ஒரு தகடு கொடுத்தாயே, எட்டு வருஷமாக அதன் மேல்தான் தேநீர்க் கெண்டி வைக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை துடைக்கத் திருப்பினேன். அடியில் உன் கையெழுத்தில் குறுக்கே அளந்த எண், அதை அடித்து ஒரு கோடு. அளந்திருக்கிறாய். தெரிந்தேதான் மறைத்திருக்கிறாய். அப்பாவிடம் காட்டினேன், "நம்ம பையனா இப்படி?" என்றவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

தகட்டை நெவிலிடம் கொடுத்துவிட்டேன். விசாரணை இருபத்தாறாம் தேதி, பதினொரு மணிக்கு. அது உன் கையெழுத்துத்தான் என்று சொல்ல நானே போகிறேன். அதற்குள் நீயே உண்மையை எழுதிவிட்டால் பெற்றவளுக்கு அந்த அவமானம் இல்லாமல் போகும். தேதியை மறந்துவிடாதே.

தொப்பி போடாமல் வெயிலில் அலையாதே. கடவுள் உனக்கு முதலில் புத்தியைக் கொடுக்கட்டும், மற்றதெல்லாம் பிறகு. இன்று காலை கெண்டியை மறதியாக வெறும் மேசையில் வைத்துவிட்டேன், வட்டமாக வெந்துபோயிற்று. எட்டு வருஷம் உன் தகடு ஒரு துளிச் சூட்டைக்கூட மேசைக்கு விடவில்லை.

உன் அம்மா,
லொரேன்