அக்கா எழுதப்போகும் பிள்ளை

ஞாயிறு இரவு, தம்போய்

அக்காவுக்கு ஐரோப்பாவில் முதுகலை இடம் கிடைத்துவிட்டது. நோயாளிகளை வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நாடு நாடாக ஒப்பிடும் சமூகப்பணிப் படிப்பு. பக்கவாதத்தில் படுத்திருக்கும் அம்மாவுக்கு நான் கஞ்சி ஊட்டும்போது சொன்னாள்.

"அங்க சில நாட்டுல உன்ன மாதிரி பிள்ளைங்க ஸ்கூல விட்டு நிக்க வேணாம். வீட்டுக்கே ஆள் அனுப்புவாங்க."

அம்மாவின் வாயைத் துடைத்தேன்.

"முதல் கட்டுரை உன்னப் பத்தி எழுதட்டுமா? பேர மாத்திடுறேன்லா."

தலையாட்டினேன். சனிக்கிழமைகளில் அக்கா அம்மாவைப் பார்த்துக்கொண்டால்தான் நான் பள்ளியிறுதி எஸ்.பி.எம். தேர்வு வகுப்புக்குப் போக முடியும். அடுத்த மாதம் அவள் கிளம்பிவிடுவாள். எனக்கு அழுகைகூட வரவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு என்ன வேணும்னு போடலாம்?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா," என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டாள்.