காற்று கெடுத்த கணக்கு

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி தேவலையா? ஸ்டாக்ஹோமில் நான் நலம்.

மூச்சில் போகும் ஆக்சிஜனே செல்லுக்குள் டி.என்.ஏ.வைக் கெடுக்கும், கெட்ட துண்டை வெட்டியெறிந்து நல்லதை வைக்க செல்லுக்குத் தெரியும். ஒரு நோய் உள்ளவர்களின் டி.என்.ஏ.வில் இந்தச் சேதத்தைப் பல வருஷமாக அளந்துவரும் எங்கள் பேராசிரியர் ஹெல்மர், "இந்த நோயாளிகளோட செல்லுக்கு அது தெரியல" என்றார்.

"தெரியுது ஹெல்மர். டி.என்.ஏ.வைப் பிரிச்செடுக்கும்போது காத்து பட விட்டுக் கெடுத்தது நாமதான்" என்றேன்.

"அப்போ இத்தனை வருஷமா நான் அளந்தது?"

"நம்ம கைவேலை."

காற்று படாமல் குளிரறையில் மறுபடி பிரித்துக் காட்டினேன். சேதத்தில் முக்கால்வாசியைக் காணோம். அன்றிலிருந்து காப்பி வேளையில் என் மேசைக்கு யாரும் வருவதில்லை. மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். குளிரறையில் இன்னும் வேலை கிடக்கிறது. அம்மா கேட்டால், எல்லாரோடும் உட்கார்ந்துதான் காப்பி குடிக்கிறேன் என்று சொல்லுங்கள். பொய்யில்லை, நாளைக்கு ஹெல்மர் மேசையிலேயே போய் உட்காரப்போகிறேன்.

உங்கள் தோருன்