பூப்படம் இல்லாத பவுடர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது, பழகிய கை அப்படி. ஆனால் இந்தத் தடவை பாதி நலம் என்று வைத்துக்கொள். போனில் பேசாமல் இதென்ன புதுசாகக் கடிதம் என்று நீ கேட்பாய். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உள் அறையில் படுத்திருக்கும் அம்மா காதில் விழுந்துவிடும், மாடிப்படிக்குப் போய்ப் பேசினால் யாரோடு ரகசியம் என்று கேட்பாள். இப்போது அவள் கண்ணயர்ந்திருக்கிறாள். வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. அது நிற்கிறவரைக்கும்தான் எனக்கு ஓய்வு, அதற்குள் முடிந்தவரை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் கண்ணு. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், பெயிண்ட் வாடை உனக்கு ஆகாது, லீவு போட்டு இப்போது வர வேண்டாம் என்று அம்மா உன்னிடம் சொன்னாளே, அதில் ஒரு வார்த்தைகூட நிஜமில்லை. சுவரெல்லாம் காலண்டர் மாட்டிய ஆணி ஓட்டை முதற்கொண்டு அப்படியே இருக்கிறது. உன்னை வர விடாமல் அவள் தடுப்பதற்குக் காரணம் வேறு. கீழே விழுந்து, இடுப்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளுக்குச் சிறுநீர் கட்டுப்படவில்லை. வருவதே தெரிவதில்லை, தெரிந்தாலும் வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார், சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்துவந்தால் மெல்லச் சரியாகும், மாதக்கணக்கில்கூட ஆகலாம், பொறுமை வேண்டும் என்கிறார். பொறுமை எந்த மருந்துக் கடையில் கிடைக்கும் என்று சீட்டில் எழுதித்தரவில்லை. டயப்பர் போட்டுப் பார்த்தோம், தொடையெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. அதனால் பருத்தித் துணியை மடித்துப் போட்டு, மாற்றி மாற்றித் துவைக்கிறோம். துவைக்கிறோம் என்ன, துவைக்கிறேன்.

சட்டைப்பையில் பேனா இருப்பதைப் பார்க்காமல் மெஷினில் போட்டு உன் பள்ளிச் சீருடையை நீலமாக்கியவன் நான், எனக்குப் போய் இந்த வேலை என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். ஆயுளில் பாதி பஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பிடித்த கை, இப்போது பிழிந்து பிழிந்து மணிக்கட்டு வலி எடுத்துவிட்டது. துவைப்பதுகூடப் பெரிதில்லை, காயப்போடுவதுதான் பெரிய பாடு. பால்கனிக் கொடியில் இடம் போதாமல் ஜன்னல் கம்பி, நாற்காலி முதுகு, உன் சைக்கிள் எல்லாவற்றிலும் துணி தொங்குகிறது. மழை பிடித்துக்கொண்டால் நான் எங்கே உட்காருவது என்று எனக்கே தெரியாது.

ஆரம்பத்தில் இதை ஒரு பிரச்சினையாகவே நாங்கள் நினைக்கவில்லை. உன் சித்தி அக்காவைப் பார்க்கிறேன் என்று வந்தாள் பார், அன்றைக்குப் பிடித்தது. உள்ளே வந்து கட்டிலருகே உட்கார்ந்தவள், பேசிக்கொண்டே எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். வாடை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை, காற்று வரட்டுமே என்பது மாதிரி திறந்தாள். அவ்வளவுதான். அவள் போனதும் அம்மா என்னைக் கூப்பிட்டு, "இனிமே யாரையும் உள்ள விடாதீங்க" என்றாள். மாடிவீட்டு டீச்சர் பழம் வாங்கிக்கொண்டு வந்தபோது தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்து நீ வருகிறேன் என்று போன் செய்தாய், உடனே இல்லாத பெயிண்டரை வரவழைத்துவிட்டாள். அக்கம்பக்கம் முகம் சுளித்தால் பொறுத்துக்கொள்வாளாம், நீ அந்த ஜன்னலைத் திறந்தால் தாங்க மாட்டாளாம். என்னிடம் அப்படித்தான் சொன்னாள்.

சரி, வாடைதானே பிரச்சினை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பினேன். குளியலறை அலமாரியில் நீ விட்டுவிட்டுப் போன நீல சாஃப்ட்னர் பாட்டில் பாதி இருந்தது, துவைத்து முடிந்ததும் கடைசித் தண்ணீரில் ஊற்றுவாயே, உன் படுக்கை விரிப்பு அந்த வாசனையாக இருந்தால்தான் தூக்கம் வரும் என்பாயே, அதேதான். ஒரு மூடி ஊற்றினேன், வீடே மணத்தது. அம்மா துணியை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. அப்புறம் கடைக்குப் போனேன். அங்கே ஒரு சுவர் முழுக்கச் சோப்புத்தூளும் திரவமும் சாஃப்ட்னரும்தான், எதைப் பார்த்தாலும் பூப்படம். ரோஜா படம் போட்டதை வாங்கினேன், ஊதாப் பூ போட்டதை வாங்கினேன், பூவோடு சேர்த்து ஒரு குழந்தையும் சிரிக்கிற பாக்கெட்டை வாங்கினேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் புதுசாக வந்த பாட்டிலை எடுத்து மேசையில் வைக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு நாள் பவுடரை அள்ளிப் போட்டதில் நுரை பொங்கி பால்கனி வழியாகக் கீழே இறங்கி, கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து கத்திவிட்டுப் போனார். நானும் இலவசமாக வந்த ஒரு பாக்கெட்டை அவருக்குக் கொடுத்தனுப்பினேன், அதற்கும் கத்தினார்.

இவ்வளவு செய்தும் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. துணி வெண்ணெய் மாதிரி இருக்கிறது, பூ மாதிரி மணக்கிறது, ஆனால் போட்டால் ஈரம் அதில் நிற்பதில்லை, நைட்டி நனைகிறது, விரிப்பு நனைகிறது, மெத்தை வரைக்கும் போகிறது. வாடையும் மணமும் கலந்து ஒரு புது நாற்றம் வேறு. தனக்கு முன்னைவிட அதிகமாகிவிட்டது என்று அம்மா முடிவுகட்டிவிட்டாள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். பேச்சையும் குறைத்தாள். அதுதான் எனக்குப் பயம். வாய் ஓயாமல் என்னைத் திருத்துகிறவள் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் வீடு வீடாகவா இருக்கும்? மெஷின் சத்தம் மட்டும்தான் துணை.

அப்புறம் ஒரு நாள் மாத்திரைக்காகத் தண்ணீர் டம்ளரைக் கொடுத்தேன், கை தவறி, பக்கத்தில் மடித்து வைத்திருந்த துணிமேல் கொஞ்சம் சிந்திவிட்டது. சிந்திய தண்ணீர் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக அப்படியே நின்றது. நான் துடைக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். குனிந்து பார்த்தாள். ஓரத்தை இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தாள். எத்தனை வருஷம் தைத்தவள், வாடிக்கையாளர் கொண்டுவரும் துணியை அப்படித்தானே தேய்த்துப் பார்த்து இது சுருங்கும், இது சாயம் போகும் என்பாள். "என்னங்க, இது துணியா ரெயின்கோட்டா? வழவழன்னு என்னத்தப் பூசி வெச்சிருக்கீங்க? இது எப்படித் தண்ணி குடிக்கும்?" என்று ஒரு சத்தம் போட்டாள். கீழே விழுந்த நாளிலிருந்து அந்தக் குரலை நான் கேட்கவில்லை. எந்த பாட்டில், எவ்வளவு ஊற்றினீர்கள், எத்தனை தடவை அலசினீர்கள் என்று வரிசையாகக் கேட்டு, நான் சொல்லச் சொல்லத் தலையில் அடித்துக்கொண்டாள். திட்டு வாங்கிக்கொண்டு இவ்வளவு சந்தோஷமாக நின்ற ஆள் நானாகத்தான் இருப்பேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பவுடர் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்றிலிருந்து படுக்கையிலிருந்தே அதிகாரம். கடையில் கீழ்த்தட்டில், குனிந்தால்தான் தெரிகிற இடத்தில், பூப்படம் எதுவும் இல்லாமல் ஒரு வெள்ளைப் பாக்கெட் இருக்கும், அதுதான் வேண்டும் என்றாள். வாசனையே கிடையாது. கடைக்காரர் முகம் வாடிப்போனது. முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும், அப்புறம் பவுடர், அதுவும் பாக்கெட்டில் போட்டிருப்பதைவிடக் குறைவாக, பிறகு இரண்டு தடவை வெறும் தண்ணீர், கடைசியில் கொஞ்சம் வினிகர், வெயில் இருந்தால் வெயில். பூசினதெல்லாம் போக நாலைந்து துவைப்பு ஆனது. துணி முரடாகத்தான் இருக்கிறது, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கிறது. மெத்தை நனைவது நின்றுவிட்டது. வாடை இல்லை என்று நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள், உங்க மூக்கு டீசல் குடிச்ச மூக்கு என்கிறாள். நீல பாட்டிலை மாடிவீட்டு டீச்சருக்குக் கொடுத்துவிடச் சொன்னாள். கொடுத்துவிட்டேன் என்று சொல்லிப் பரண்மேல் வைத்தேன், உன்னுடையதாயிற்றே, மனசு வரவில்லை.

ஆனாலும் உன்னை வரச்சொல்லலாமா என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நான் மட்டும் எத்தனை நாளைக்கு இழுப்பேன், எனக்கும் அலுத்துவிட்டது கண்ணு, சொல்லக் கூடாது, சொல்லிவிட்டேன். உன்னைப் பார்க்காததுதான் அவளுக்குப் பெரிய நோய் என்று எனக்குத் தெரிகிறது. அவளை மீறி வா என்று எழுதவும் பயமாக இருக்கிறது, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. மெஷின் நின்றுவிட்டது, போய்க் காயப்போட வேண்டும்.

மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று காலை டீ கொடுக்கப் போனேன், குடித்து முடித்து டம்ளரை என்னிடம் நீட்டினாள். அப்புறம், "அவளுக்குத்தான எழுதறீங்க?" என்றாள். பேனா மூடியை அவள் கட்டில் பக்கத்து மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன், என்னைப் போய் ரகசியம் பேசச் சொன்னால்! ஆமாம் என்றேன். எல்லாம் எழுதினேனா என்று கேட்டாள், எல்லாம் எழுதினேன் என்றேன். வெகுநேரம் போர்வை ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கிழித்துப் போடச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். "அவ விரிப்பு அலமாரியில கிடந்து முடை நாத்தம் அடிக்கும், எடுத்துத் துவைங்க" என்றாள். நான் வாசல்வரை போனதும் மறுபடியும் கூப்பிட்டாள். "அதுக்கு மட்டும், டீச்சருக்குக் குடுத்துட்டேன்னு பொய் சொன்னீங்களே அந்த நீல பாட்டில், அதுல ஒரு மூடி ஊத்துங்க. ஒரே மூடி" என்றாள்.

விரிப்பு இப்போது பால்கனியில் காய்கிறது. மற்றதையெல்லாம் ஒதுக்கி, கொடி முழுவதையும் அதற்கே விட்டிருக்கிறேன்.

நீ எல்லாச் சுகமும் பெற்று மனநிறைவோடு இரு, எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு. ஞாபகம் வைத்துக்கொள், வந்ததும் வெள்ளையடித்தது எங்கே என்று கேட்டுவைக்காதே. உள்ளே போய்க் கட்டிலில், அவளை ஒட்டி உட்கார். ஜன்னலை நான் முன்னாடியே திறந்து வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் வரவுக்காகத் துவைத்துக்கொண்டிருக்கும்
அப்பா