உங்கள் பக்கத்துச் சிவப்பு

ஒரு வாரமாக மலையை மூடியிருந்த பனி இன்றுதான் விலகியது. ஈரம் ஏறினால் நம் கம்பளம் ஆட்டு வாடை அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியுமே. அதை வெயிலில் காயப்போட்டு, சாயங்காலம் கூடத்தில் விரித்துவிட்டு, மூச்சு வாங்க உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தேன். நீங்கள் கண்ணை மூடிய பிறகு, ஏன், நீங்கள் இருந்தபோதுகூட நான் அதில் உட்கார்ந்ததில்லை.

கம்பளம் பளீரென்று சிவந்து கிடந்தது.

எழுந்து எதிரில் இருக்கும் என் நாற்காலிக்குப் போனேன். அதே பழைய மண் நிறம். திரும்பி வந்தேன், சிவப்பு. குனிந்து தடவிப் பார்த்தேன். ஒரு பக்கமாகத் தடவினால் பூனை முதுகுபோல வழுவழுப்பு, எதிர்ப்பக்கம் முரடு. கையால் முடிச்சுப் போட்ட இழையெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு ஒரு நிறம், எனக்கு ஒரு நிறம்.

தோட்டத்து மானேஜர் வேலையை விட்டுப் போகும்போது, லாரி ஓட்டிய உங்களுக்குப் பிரியமாகக் கொடுத்த ஆப்கான் கம்பளம். வருகிறவர்களிடமெல்லாம் அதன் சிவப்பைச் சொல்லிப் பூரித்துப் போவீர்கள்.

"எங்கங்க செவப்பு? மண்ணு கலருலா" என்பேன்.

"நல்லா பாருடி, நெருப்பாட்டம் இருக்கு."

முதலில் அது விளையாட்டுச் சண்டைதான். உங்களுக்கு இனிப்பு நீர் வந்த பிறகு, சர்க்கரை கண்ணைக் கெடுக்குமே என்று எனக்குப் பயம் பிடித்தது. "அப்பாவுக்குக் கண்ணு போச்சுடா, மண்ணு கலரு செவப்பாத் தெரியுதாம்" என்று மகனிடம் சொன்னேன். அவன் உங்கள் மோட்டார் சைக்கிள் சாவியை வாங்கிக்கொண்டான்.

"டாக்டர்கிட்ட காட்டிட்டு எடுங்கடா" என்றீர்கள். கம்பளத்துக் கலரே தெரியவில்லை, டாக்டர் வேறா என்று சிரித்தவள் நான்தான்.

ரிங்லெட் டவுனுக்குக் கூட்டாளிகளோடு தே தண்ணி குடிக்கப் போக, அடுத்தவர் வண்டியில் ஏற உங்களுக்குக் கூச்சம். போவதையே விட்டுவிட்டீர்கள். இந்த நாற்காலியே கதியென்று கிடந்தீர்கள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. நினைக்க நினைக்க மனசை அறுக்கிறது.

மகன் இன்றும் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிறான்: "நல்ல வேள, அம்மா கண்டுபிடிச்சாங்க. இல்லாட்டி அப்பா ரோட்டுல அடிபட்டுல போயிருப்பாரு."

கொஞ்ச நேரம் முன்னால்தான் வந்தான். உங்கள் நாற்காலியில் உட்காரப் போனவனை, "அங்க உக்காராதடா" என்று பதறித் தடுத்தேன். உங்கள் மேல் எனக்குள்ள பாசம் என்று நினைத்துக்கொண்டான். கண் கலங்கி, என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

இங்கிருந்து பார்க்க அவனுக்கும் கம்பளம் மண் நிறம்தான்.