சிறுத்துப்போகும் ஜன்னல்

மார்ச் 9, ஞாயிறு

இன்று பின்னேரம் மகள் மதுவோடு இருந்து ஒரு கார்ட்டூன் படம் பார்த்தேன். கோட்டைக்கு மருமகளாகப் போகும் ஒரு பெண்ணின் தேவதைக் கதை. சின்னப்பிள்ளைகளின் படம் என்றுதான் நினைத்திருந்தேன். மதுதான் காட்டினாள்.

"அம்மா, அந்த ஜன்னலைப் பாருங்கோ. அவள் ஒவ்வொருக்கா 'ஓம்' எண்டு சொல்லேக்கையும் அது சின்னனாகுது."

அதற்குப் பிறகுதான் நானும் கவனித்தேன். முதலில் கடல் முழுவதும் தெரிந்த ஜன்னல், கடைசியில் ஒரு பாய்மரம் மட்டும் தெரியுமளவுக்கு ஒடுங்கிவிட்டது. மாமியாரைக் கோட்டைச் சுவரின் அதே சாம்பல் நிறத்தில் கீறியிருந்தார்கள். அவளும் ஒருநாள் மருமகளாக வந்தவள்தான் என்பதை ஒரு வார்த்தை இல்லாமல் சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரம் துறைமுகத்தில் வேலை முடிந்து இவர் வந்தார்.

"நாளைக்கு உப்புவெளியில இருந்து பொம்பிளை பார்க்க வருகினம். மது கம்பஸுக்குப் போகவேண்டாம்."

"அவள் படிப்பை முடிக்கட்டுமே. இன்னும் ரெண்டு வருஷம் பொறுங்கோவன்" என்றேன்.

"நீயும் பத்தொன்பது வயசில கலியாணம் கட்டினனீதானே. உனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

மது படத்தை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். என்னிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது.

"ஒண்டும் குறையேல்லை" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனேன்.

தேத்தண்ணியோடு திரும்பியபோது மது தன் அறைக் கதவைச் சாத்தியிருந்தாள். இவர் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, சீனி காணாது என்றார்.